கண் சீட்டும் யூரின் ரிப்போர்ட்டும் இதயத்தைப் பற்றி என்ன சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கத்தில் சுகர், பிரஷர் நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவன் நான். பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் உள்ளவர்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு பை இருக்கும். ஒன்றில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, இன்னொன்றில் சுகர் நோட்டு. கண் சீட்டை எனக்குக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பல வருடம் நானும் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

ஒரு விசைப்படகு டிரைவர். ஐம்பத்தி இரண்டு வயது. கண்ணில் லேசர் வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. யூரினில் ஆல்புமின் என்ற புரதம் போகிறது என்று ஒரு முகாமில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு தாளும் அவர் வீட்டு அலமாரியில் வெவ்வேறு தட்டில் இருந்தன. ஒரு விடியற்காலை படகடியில் "வாயு பிடிச்ச மாதிரி இருக்கு" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு தாளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு என்னிடம் வருகிறவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணுல லேசர் வச்சாச்சு, கண்ணு சரியாயிருச்சு. அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?

உடம்பில் ரத்தக்குழாய் இல்லாத இடம் மிகக் குறைவு. பெரிய குழாயானாலும் நுண்ணிய குழாயானாலும் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. குழாயைத் தளர்த்துவது, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது, எதை வெளியே விடலாம், எதை விடக் கூடாது என்று முடிவு செய்வது எல்லாம் அந்தப் படலத்தின் வேலை. வருடக்கணக்கில் சர்க்கரையும் பிரஷரும் புகையிலையும் கெடுப்பது அதைத்தான். கெடுக்கும்போது கண்ணை மட்டும் கெடுத்துவிட்டு இதயத்தை விட்டுவிடாது.

மற்ற இடத்தில் இந்தக் கேட்டைப் பார்ப்பது எளிதல்ல. கண்ணில் முடியும். உடம்பை அறுக்காமல், ஓடுகிற ரத்தக்குழாயை நேராக, தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1851-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்தார். 1939-இல் கீத், வேகனர், பார்க்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பிரஷர் நோயாளிகளின் விழித்திரையை நான்கு படியாகப் பிரித்தார்கள். படி ஏற ஏற அந்த நோயாளிகளின் ஆயுள் குறைந்தது. பிரஷருக்கு நல்ல மருந்தே இல்லாத காலம் அது. அப்போதே கண்ணைப் பார்த்து, உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணித்தார்கள்.

கண் சீட்டில் எழுதியிருப்பதை நீங்களே ஓரளவு படித்துக்கொள்ளலாம். தமனி குறுகியிருக்கிறது, தமனி கடக்கும் இடத்தில் சிரை நசுங்கியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் நாள்பட்ட பிரஷரின் வேலை. நுண்குழாய்களில் கடுகு போலப் புடைப்பு, புள்ளிப் புள்ளியாக ரத்தக்கசிவு, மஞ்சள் படிவு என்றால் பெரும்பாலும் சர்க்கரை. பஞ்சுத் துணுக்கு போல வெள்ளைத் திட்டு இருந்தால் அந்த இடத்து நரம்பு இழைகளுக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது என்று பொருள்.

டைப் 2 சர்க்கரை உள்ளவர்களில் விழித்திரையில் கேடு இருப்பவர்களுக்கு, இல்லாதவர்களைவிட மாரடைப்பு போன்ற இதயக் கேடுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். லேசரும் கண்ணில் போடும் ஊசியும் கண்ணைக் காப்பாற்றும். கட்டாயம் செய்துகொள்ள வேண்டியவை. ஆனால் அவை இதயத்துக்குப் போகும் குழாயில் எதையும் மாற்றாது. லேசர் முடிந்த அன்று இதயத்தைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.

யூரின்ல புரதம் போனா கிட்னிக்குத்தானே கெடுதல்?

கிட்னிக்கும்தான். ஆனால் அந்தக் கசிவு சொல்லும் சேதி கிட்னியோடு முடிவதில்லை.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் நூல் உருண்டை போலச் சுருண்ட நுண்குழாய்தான். இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு உறுப்புக்கே போகிறது. நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிந்து, அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே வருகிறது. சின்ன மீன்கூடத் தப்பாத வலையில் கண்ணி அறுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தப்பிக்கக் கூடாதது தப்பிக்கும்போது. ஆல்புமின் அப்படித்தான் தப்பி சிறுநீருக்கு வருகிறது.

1984-இல் டென்மார்க்கின் மோகென்சன், வயது வந்தபின் சர்க்கரை வந்தவர்களில் சிறிதளவே ஆல்புமின் கசிந்தவர்களும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று காட்டினார். 1989-இல் அதே நாட்டின் ஸ்டீனோ சர்க்கரை நோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கிட்னியில் தெரியும் கசிவு, உடம்பு முழுக்க ரத்தக்குழாய் கெட்டிருப்பதன் அடையாளம் என்றார்கள். 2001-இல் வெளியான ஹோப் ஆய்வு, 55 வயதுக்கு மேல் இதய ஆபத்து உள்ளவர்களைப் பின்தொடர்ந்தது. சிறிதளவு ஆல்புமின் கசிந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஏறக்குறைய 1.8 மடங்கு. சர்க்கரை இல்லாதவர்களிடமும் இந்த ஆபத்து கூடியே இருந்தது.

கிட்னி கெட்டவர்களில் மிகப் பலர் டயாலிசிஸ் வரைக்கும் போவதில்லை. அதற்கு முன்பே இதயம் அவர்களைக் கொண்டுபோய்விடுகிறது. வீட்டில் "கிட்னி போயிருமோ" என்று பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது நெஞ்சுக்காக.

எனக்கு கிரியேட்டினின் 0.9 தான். அப்ப நான் நல்லாத்தானே இருக்கேன்?

கிரியேட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. கிட்னியின் வேலைத்திறனில் பாதி போல இழந்த பிறகுதான் பலருக்கு கிரியேட்டினின் எல்லை தாண்டுகிறது. மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் வயதான பெண்களுக்கும் அந்த எண் இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஆல்புமின் அதற்குப் பல வருடம் முன்பே கசியத் தொடங்கும். இரண்டையும் பார்த்தால்தான் பார்த்த மாதிரி. கிரியேட்டினினோடு வயதையும் சேர்த்து லேப்பில் போடும் வடிகட்டும் திறன் எண், இஜிஎஃப்ஆர், மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் அது நாள்பட்ட கிட்னி நோய்.

சிறுநீர்ல நுரை வரல. பிறகும் டெஸ்ட் எடுக்கணுமா?

எடுக்க வேண்டும். நுரை வருவது புரதம் நிறையப் போகும்போது. நாம் பிடிக்க நினைப்பது அதற்கு வெகு முந்தைய கட்டம்.

ஏசிஆர் டெஸ்ட்னு எழுதிக் கொடுத்தீங்க. குச்சி போட்டுப் பார்க்கிறது போதாதா?

குச்சியில் 'நில்' (இல்லை) என்று வந்தாலும் சிறிய கசிவு இருக்கலாம். குச்சி பெரிய கசிவுக்குத்தான் நிறம் மாறும். ஏசிஆர் என்பது சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் ஆல்புமின் இருக்கிறது என்ற கணக்கு. நிறையத் தண்ணீர் குடித்து சிறுநீர் நீர்த்திருந்தாலும், வெயிலில் காய்ந்து கெட்டியாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. உப்பளத்திலும் கடலிலும் வேலை செய்கிறவர்களுக்கு அதனாலேயே இது பொருத்தமான டெஸ்ட்.

30-க்குக் கீழே என்றால் இயல்பு. 30 முதல் 300 வரை சிறு கசிவு. அதற்கு மேல் பெருங்கசிவு. 30 என்ற கோட்டை மிகவும் நம்பிவிடவும் வேண்டாம். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்து 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 10-ஐத் தாண்டியதுமே ஆபத்து மெல்ல ஏறத் தொடங்கியது.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு, முந்தின நாள் உடம்பு முறிய வேலை, இவற்றில் எது இருந்தாலும் எண் பொய்யாக ஏறும். அதனால் ஒரு தடவை கூடுதலாக வந்ததும் கலங்காதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

கண்ணு நல்லாத்தான் தெரியுது. எதுக்கு சொட்டு மருந்து ஊத்தி நாள் முழுக்க மங்கலாக்கணும்?

விழித்திரையின் நடுப்பகுதியைக் கேடு தொடும் வரைக்கும் பார்வை தெளிவாகவே இருக்கும். வலியும் இருக்காது. சொட்டு மருந்து கண்ணின் பாப்பாவை விரித்தால்தான் ஓரங்களும் நன்றாகத் தெரியும். நான்கைந்து மணி நேரம் கூசும், கிட்டத்தில் மங்கும், அவ்வளவுதான். டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த வருடமே ஒரு முறை, பிறகு வருடா வருடம் பார்க்க வேண்டும். கண்ணாடி பவர் பார்ப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. முகாமில் பவர் பார்த்துவிட்டு "கண்ணு செக்கப் முடிஞ்சுது" என்று வருகிறவர்கள் ஏராளம்.

இசிஜி, எக்கோ, ஆஞ்சியோகூட எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்னுட்டாங்க. ஆனாலும் நடந்தா நெஞ்சு பாரமா இருக்கு.

கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அம்மா கேட்டது. "மனசுதான் காரணம்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் மேல் ஓடும் பெரிய குழாய்கள். இதயத் தசைக்குள் போகும் நுண்குழாய்கள் அந்தப் படத்தில் விழாது. பெரிய குழாயில் அடைப்பே இல்லாமல் நுண்குழாய் கெட்டு நெஞ்சு வலிக்கலாம். பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அமெரிக்காவின் நான்கு ஊர்களில் நடந்த ஏரிக் ஆய்வு 2002-இல் சொன்னது என் மனதில் தங்கியிருக்கிறது. விழித்திரைத் தமனி குறுகியிருந்த பெண்களுக்குப் பிற்பாடு இதயநோய் அதிகம் வந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

அந்த அம்மாவின் கண்ணில் தமனி குறுகியிருந்தது. ஏசிஆர் 84. நெஞ்சுப் பாரத்துக்கு மனசு காரணம் என்று இனி யாரும் அவரிடம் சொல்ல நான் விடப்போவதில்லை. அதற்குரிய மருந்து கொடுத்துப் பார்த்துவருகிறேன்.

சுகர் இல்ல, பிரஷர் மட்டும்தான். எனக்கும் இதெல்லாம் வேணுமா?

வேண்டும். ஏசிஆரும் கிரியேட்டினினும் வருடம் ஒரு முறை. கண் பரிசோதனை, பிரஷர் நெடுநாளாகக் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு முக்கியம்.

கண் படத்தை கம்ப்யூட்டர்ல போட்டா மாரடைப்பு வருமான்னு சொல்லிருமாமே?

2018-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு கணினி முறையைப் பழக்கினார்கள். படத்தை வைத்தே வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, மேல் பிரஷர் எவ்வளவு என்று ஓரளவு அது சொன்னது. இதய ஆபத்தையும் ஓரளவு கணித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு சர்க்கரைக் கண் நோயைக் கண்டுபிடிக்கும் முறையை அவர்கள் உருவாக்கியபோது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அதில் உதவின. நம் பக்கத்து ஆட்களின் கண்களும் அதில் இருந்திருக்கக்கூடும் என்று நினைக்கையில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இன்றைக்கு உங்கள் ஆபத்தைக் கணிக்க வயது, பிரஷர், கொழுப்பு, சர்க்கரை, புகை, கிட்னி ஆகியவை போதும். அமெரிக்க இதய சங்கம் 2023-இல் கொண்டுவந்த பிரிவென்ட் கணக்கில் இஜிஎஃப்ஆர் கட்டாயம் இடம்பெறுகிறது, ஏசிஆர் இருந்தால் அதையும் சேர்க்கலாம். கண் படம் அந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. கண்ணில் கேடு தெரிந்தால், கணக்கு காட்டும் எண்ணைவிட உங்கள் ஆபத்து கூடுதல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணு, யூரின் ரெண்டும் நார்மல்னா மாரடைப்பு வராதா?

வரலாம். பீடி பிடிக்கிற, கொழுப்பு ஏறியிருக்கிற ஒருவருக்கு நுண்குழாய் நன்றாக இருந்து பெரிய குழாயில் அடைப்பு இருக்கலாம். அதேபோல இரண்டிலும் கேடு இருக்கிறவர்கள் எல்லோருக்கும் மாரடைப்பு வந்தே தீரும் என்றும் இல்லை. புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக மாட்டோம் அல்லவா, கரைக்குப் புயல் வராமல் போனாலும்? அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேடு இருக்குன்னு தெரிஞ்சிருச்சு. என்ன செய்யணும்?

முதலில் பிரஷர். 130/80-க்குக் கீழே கொண்டுவரப் பார்க்க வேண்டும். ஆல்புமின் கசிகிறவர்களுக்கு டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகளில் ஒன்று முதலில் வரும். அவை பிரஷரைக் குறைப்பதோடு வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைத்துக் கசிவைக் கட்டுப்படுத்தும். ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்ப்போம். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மாத்திரையை நிறுத்துவதில்லை. "மாத்திரை போட்டு கிட்னி கெட்டுப்போச்சு" என்று தாங்களே நிறுத்திவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கர்ப்பிணிகள் இந்த வகை மாத்திரை போடவே கூடாது. குழந்தைக்குத் தயாராகும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. சர்க்கரை மாத்திரையாக வந்தவை கிட்னியையும் இதயத்தையும் காப்பது தெரியவந்தது. 2020-இல் வந்த டாபா-சிகேடி ஆய்வில் சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது. அந்தரங்கப் பகுதியில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

கொழுப்புக்கு ஸ்டேட்டின். 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, கொழுப்பு எண் நார்மல் என்று வந்தாலும் இது தேவை. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் முரண்டு பிடிக்கிறார்கள்.

பீடி, சிகரெட்டை விட வேண்டும். இதற்கு ஈடாக என்னிடம் எந்த மாத்திரையும் இல்லை.

வலை இழுத்து வந்தா உடம்பு வலி. ரெண்டு வலி மாத்திரை போட்டாத்தான் மறுநாள் போக முடியும்.

இதைக் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் வலி உண்மை. ஆனாலும் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நாள் முழுக்க வெயிலில் வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், மேலே சொன்ன பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு இதையும் சேர்த்தால், நன்றாக இருந்த கிட்னி சில நாளில் படுத்துவிடும். இதே மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், இதயத்துக்கும் ஆகாது. அளவோடு பாரசிட்டமால், தைலம், ஒத்தடம். ஆல்புமின் கசிகிறது என்று தெரிந்தவர்கள் மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு கொடுங்க" என்று வாங்கவே கூடாது. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கருவாடு? கருப்பட்டி? இளநீர்?

மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள். சாளையும் நெத்திலியும் நல்லவை, பொரிக்காமல் குழம்பாக. கருவாட்டில் உப்புதான் சிக்கல். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு டீஸ்பூன் போல. ஒரு வேளைக் கருவாட்டிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். எப்போதாவது ஆசைக்கு என்றால் வெந்நீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவி, குழம்பில் உப்பே போடாமல் செய்யுங்கள்.

கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும். நம் ஊர்ப் பனையில் வந்ததால் விதிவிலக்கு கிடையாது.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னி நன்றாக இருக்கிறவர்களுக்குப் பயமில்லை. இஜிஎஃப்ஆர் மிகவும் குறைந்தவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

வாப்பாவுக்கு சுகர், கிட்னியில கசிவும் இருக்கு. நோன்பு வைக்கலாமா?

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே அவரைக் கூட்டி வாருங்கள். சிலருக்கு மருந்து நேரத்தை மாற்றினால் போதும், சிலருக்கு வேண்டாம் என்றே சொல்வோம். அந்த முடிவை அவருடைய எண்களைப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

எது வந்தா உடனே ஓடணும்?

நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சிரைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மேல்வயிற்றில் வாயு போலவும் வரும். சோடா குடித்துப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போவதும் அதே அவசரம்தான், வலி இல்லாவிட்டாலும். அது கண்ணில் வந்த பக்கவாதமாக இருக்கலாம்.

எப்ப எடுக்கிறது, எங்க எடுக்கிறது?

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. ஏழு பேரில் ஒருவர். அதனால் முதலில் உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் இடத்தில் வாய்விட்டு, "ஏசிஆர் எடுக்கணும், சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்க்கணும்" என்று கேளுங்கள். பலருக்கு இவை விடுபடுவது கேட்காததால்தான்.

விசைப்படகுக்காரர்களுக்கு நான் சொல்லும் நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கிறது. படகுக்கு வர்ணம் அடித்து எஞ்சின் பார்க்கும் அதே வாரத்தில் உங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். காலை முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள், சொட்டு மருந்து விட்டபின் வண்டி ஓட்ட முடியாது. வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள், அவருக்கும் எடுத்துவிடலாம். வரும்போது இரண்டு பையையும் ஒன்றாக்கி, கண் சீட்டை மேலே வைத்து எடுத்து வாருங்கள்.